மகன் ஆஸ்திரேலியக் குடிமகன் ஆகிவிட்டான். எங்களுக்கும் நிரந்தர விசா கிடைத்துவிடும்தானே?

திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 63. நடுநிலைப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், மாநில அரசு ஓய்வூதியம் வருகிறது. கணவருக்கு 69. நடத்தி வந்த ஹார்டுவேர் கடையை இப்போது வாடகைக்கு விட்டிருக்கிறார். அவருக்குச் சர்க்கரை உண்டு, பைபாஸும் ஆகியிருக்கிறது. மகன் மெல்பர்னில் மனைவி, மூன்று வயதுக் குழந்தையோடு இருக்கிறார்; அடுத்த குழந்தையும் வரப்போகிறது. மகள் மதுரையில். மகனுக்குக் குடியுரிமை கிடைத்ததும், "ரெண்டு பேரும் இங்கேயே வந்துடுங்க, வீட்டை வித்துட்டு இங்க பெரிய வீடா வாங்கிக்கலாம்" என்கிறாராம். ஊரில் ஒரு ஏஜெண்ட், இரண்டே வருடத்தில் நிரந்தர விசா என்று மூன்று லட்சம் பேசி, ஐம்பதாயிரம் முன்பணம் வாங்கிக்கொண்டு சில படிவங்களில் கையெழுத்தும் வாங்கியிருக்கிறார்.

முக்கியமான விஷயம் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில்தான் வருகிறது. "என் கணவருக்கு முதல் மனைவி வழியில் ஒரு மகள் இருக்கிறாள். பிரசவத்தில் அவள் அம்மா இறந்ததால் பாட்டி வீட்டில் வளர்ந்தாள். இப்போது ஒட்டன்சத்திரத்தில் குடும்பமாக இருக்கிறாள், நல்லது கெட்டதுக்கு வந்துபோவாள். 'அவளை எதற்கு எழுத வேண்டும், இரண்டு பிள்ளைகள் என்றே போட்டுவிடலாம்' என்கிறார் ஏஜெண்ட். அதில் தவறு உண்டா?" இதோடு, சுற்றுலா விசாவில் போய் அங்கேயே விண்ணப்பித்தால் திருப்பி அனுப்ப மாட்டார்கள் என்று மகனின் நண்பர் சொன்னது சரியா, கணவரின் உடல்நிலை தடையாகுமா, ஓய்வூதியம் நின்றுவிடுமா, வீட்டை விற்கலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

அம்மா, மெல்பர்னில் குடிவரவு வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞர் என்ற முறையில் நேராகவே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருக்கும் நிலவரப்படி ஆஸ்திரேலியாவின் நிரந்தரப் பெற்றோர் விசா எதற்கும் நீங்கள் இருவரும் தகுதி பெற மாட்டீர்கள். மகன் குடிமகன் ஆனதால் இது மாறாது. ஆனால் நீங்கள் விரும்புவது பேரப்பிள்ளைகளோடு வருடக் கணக்கில் இருப்பது என்றால், அதற்குச் சட்டப்படி நேரான வழி இருக்கிறது. முதலில் ஏன் கிடைக்காது என்பதைப் பார்த்துவிடுவோம். ஏஜெண்ட் உங்களிடம் மறைப்பது அதைத்தான்.

பிள்ளைகளை எண்ணும் கணக்கு

பக்கத்து வீட்டுக்காரரின் அமெரிக்க மகள் பெற்றோருக்கு கிரீன் கார்டு வாங்கித் தந்ததைப் பார்த்து இந்த நம்பிக்கை வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே 21 வயதான குடிமகன் பெற்றோருக்காக மனுப் போட்டால் ஆண்டுக்கு இத்தனை பேர்தான் என்ற உச்சவரம்பு கிடையாது. ஆஸ்திரேலியச் சட்டம் வேறு. பிள்ளைகளில் எத்தனை பேர் ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாக இருக்கிறார்கள் என்று இங்கே முதலில் எண்ணிப் பார்ப்பார்கள். குறைந்தது பாதிப் பேராவது ஆஸ்திரேலியாவில் இருக்க வேண்டும். இல்லையென்றால், வேறு எந்த ஒரு நாட்டில் இருப்பவர்களையும்விட ஆஸ்திரேலியாவில் இருப்பவர்கள் அதிகமாக இருக்க வேண்டும்.

இரண்டு பிள்ளைகள், ஒருவர் மெல்பர்ன், ஒருவர் மதுரை என்றால் பாதிக்குப் பாதி, தேறிவிடும். ஏஜெண்ட் போட்ட கணக்கு அதுதான். ஆனால் முதல் மனைவி வழி மகள் உங்கள் கணவருக்கு மகள். அவர் உங்கள் கணவராக இருக்கும்வரை உங்கள் கணக்கிலும் அவள் கணவர் வழி மகளாகச் சேருவாள். ஆகவே மூன்று பிள்ளைகள். ஆஸ்திரேலியாவில் ஒருவர், இந்தியாவில் இருவர். நீங்கள் மட்டும் தனியாக விண்ணப்பித்தாலும் இந்த எண்ணிக்கைதான். மனிதாபிமானக் காரணம் சொல்லி இந்தச் சோதனைக்கு விலக்கு வாங்கவும் முடியாது. இருப்பதிலேயே கொடுமையான விதி இதுதான் என்பது என் கருத்து. வீடு நிறையப் பிள்ளை பெற்றவர்களைத்தான் இது அதிகம் அடிக்கிறது. ஆனாலும் விதி விதிதான்.

ஒரே ஒரு விலக்கு உங்கள் விஷயத்தில் பார்க்கத் தக்கது. பெற்றோரின் பொறுப்பிலிருந்து தத்தெடுப்பாலோ நீதிமன்ற உத்தரவாலோ சட்டப்படி விலக்கப்பட்ட பிள்ளையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பாட்டி வளர்த்தார் என்பது மட்டும் போதாது. பாட்டியோ தாய்மாமனோ அந்தக் குழந்தையை அப்போதே முறைப்படி தத்தெடுத்து, அதற்குப் பத்திரம் இருக்கிறதா என்று கணவரிடம் கேளுங்கள். இருந்தால் அது முக்கியமான ஆவணம். இல்லையென்றால் இப்போது எழுதிக்கொள்ளலாமே என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டப்படி, வழக்காறு இருந்தாலொழிய, 15 வயது நிறைந்தவரைத் தத்தெடுக்க முடியாது. முன்தேதி போட்டு எழுதுவது குற்றம்.

எழுதாமல் விட்டால் யாருக்குத் தெரியும்?

தெரியும், அம்மா. உங்கள் மகன் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பித்தபோது 80ஆம் எண் படிவம் நிரப்பியிருந்தால், அதில் உடன்பிறந்தோர் பட்டியலில் மாற்றாந்தாய் வழிச் சகோதரியையும் எழுத வேண்டும். பலர் உண்மையாகவே எழுதியிருப்பார்கள். அந்தத் தாள் மகனின் கோப்பில் பத்து வருடம் ஆனாலும் அப்படியே இருக்கும். நீங்கள் இரண்டு தடவை போய்வந்தபோது கொடுத்த விண்ணப்பங்களும் அவர்களிடம் உண்டு. இவற்றில் ஒன்றோடு புது விண்ணப்பம் ஒத்துப்போகாவிட்டாலே கேள்வி வரும்.

தவறான தகவல் என்று முடிவானால் விசா மறுக்கப்படுவதோடு விடாது. அடுத்த மூன்று வருடங்களுக்கு நீங்கள் போடும் வேறு விசாக்களும் அதே காரணத்தால் மறுக்கப்படலாம், சாதாரண சுற்றுலா விசா உட்பட. அதாவது பேரக்குழந்தையைப் பார்க்கப் போகும் வழியும் அடைபட்டுப் போகும். விசா கிடைத்த பிறகு தெரியவந்தாலும் ரத்து செய்ய அதிகாரம் இருக்கிறது. தவறு உண்டா என்று கேட்டிருந்தீர்கள். உண்டு. அதன் பலன் ஏஜெண்டின் தலையில் விடியாது, உங்கள் தலையில்தான் விடியும்.

தகுதி இருந்திருந்தாலும்

தத்துப் பத்திரம் கிடைத்து, பாதிக்குப் பாதி தேறுகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் "இரண்டு வருடம்" என்பது பொய். சாதாரணப் பெற்றோர் விசாவுக்கு (103ஆம் பிரிவு) இன்று போட்டால் காத்திருப்பு முப்பது வருடத்துக்கும் மேல் என்று ஆஸ்திரேலிய உள்துறையே சொல்கிறது. பணம் அதிகம் கட்டும் பங்களிப்புப் பெற்றோர் விசா (143) வேகமானது என்று பெயர். அதற்கே பதினான்கு வருடம் வாக்கில் ஆகும். அப்போது உங்கள் கணவருக்கு 83 ஆகியிருக்கும். ஆண்டுக்கு ஒதுக்கப்படும் இடங்கள் சில ஆயிரம்தான்; வரிசையில் நிற்பவர்கள் லட்சத்துக்கும் மேல். 2023இல் வெளியான குடிவரவுச் சீராய்வு அறிக்கை, கிடைக்கவே போகாத விசாவுக்கு மக்களை விண்ணப்பிக்க விடுவது கொடுமை என்று வெளிப்படையாகவே எழுதியது. அரசு அமைத்த குழு சொன்னது இது.

143க்குக் கட்டணம் ஒருவருக்கு இரண்டாம் தவணை மட்டும் 43,600 ஆஸ்திரேலிய டாலர். இருவருக்கும் முதல் தவணையைச் சேர்த்தால் 90,000 டாலரைத் தாண்டும். நம் பணத்தில் 50 லட்சத்துக்கு மேல். இது தவிர மகன் பத்து வருடத்துக்கு ஆதரவு உத்தரவாதம் எழுதித் தர வேண்டும். அதற்கு முதல் விண்ணப்பதாரருக்கு 10,000, துணைவருக்கு 4,000 டாலர் வங்கிப் பிணையாக முடங்கிக் கிடக்கும். கிடைத்துவிட்டால் நன்மையும் பெரிதுதான், மறுக்கவில்லை: மெடிகேர் மருத்துவ வசதி, காலவரம்பில்லாத தங்கல், விரும்பினால் வேலை. முதியோர் ஓய்வூதியம் மட்டும் பொதுவாகப் பத்து வருடம் குடியிருந்த பிறகே.

அங்கே போய் விண்ணப்பிப்பது

மகனின் நண்பர் சொல்வது முதிய பெற்றோர் விசா (804). உள்நாட்டில் இருந்துகொண்டே போடலாம். முதியோர் ஓய்வூதிய வயது, இப்போது 67, ஆகியிருக்க வேண்டும். கணவருக்கு வயது சரி. போட்டால் முடிவு வரும்வரை இடைக்கால விசாவில் தங்க முடியும் என்பதும் உண்மை. அதனால்தான் இந்த யோசனை தமிழர் வீடுகளில் இவ்வளவு பரவியிருக்கிறது. நண்பர் சொல்லாமல் விட்டது மூன்று. ஒன்று, இதற்கும் அதே பிள்ளைக் கணக்குதான். உங்களுக்கு மறுப்புதான் வரும். இரண்டு, உங்கள் சுற்றுலா விசாவில் 8503 என்ற நிபந்தனை எண் இருந்தால் அங்கிருந்து விண்ணப்பிக்கவே முடியாது. பழைய விசா கடிதத்தை எடுத்துப் பாருங்கள், நிபந்தனைகள் எண்களாக வரிசையாக அச்சாகியிருக்கும். மூன்று, பெற்றோர் விசாவுக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கும் இந்தியர்களுக்கு மெடிகேர் கிடையாது. பைபாஸ் ஆன ஒருவரை அந்த நிலையில் வருடக் கணக்கில் வைத்திருப்பது பெரிய துணிச்சல். விசா முடிந்தும் 28 நாளுக்கு மேல் தங்கிவிட்டால் மூன்று வருடத் தடை தனி.

உங்களுக்குப் பொருந்தும் விசா

சரி, என்ன செய்யலாம்? 870 என்று ஒரு விசா 2019இல் வந்தது. பெற்றோருக்கான தற்காலிக விசா. மூன்று வருடம் அல்லது ஐந்து வருடம். இதற்குப் பிள்ளைக் கணக்கு கிடையாது. உங்கள் வீட்டு நிலைக்கு இதைவிடப் பொருத்தமானதை நான் பார்க்கவில்லை. மூத்த மகளையும் மறைக்காமல் எழுதலாம்.

முதலில் மகன் உங்களுக்குப் பொறுப்பாளராக (ஸ்பான்சர்) இருக்க அனுமதி வாங்க வேண்டும். அவர் குடிமகன் என்பதால் அந்தத் தகுதி இருக்கிறது. ஆண்டு வரிக்குட்பட்ட வருமானம் 83,454 டாலருக்குச் சற்று மேல் காட்ட வேண்டும். மருமகளின் வருமானத்தையும் சேர்த்துக் காட்ட வழி உண்டு. அவர் பிரசவ விடுப்பில் இருக்கப்போகிற வருடத்தில் இந்தக் கணக்கு இடிக்கலாம், முன்கூட்டியே பாருங்கள். அனுமதி வந்ததும் குறித்த கெடுவுக்குள் நீங்கள் இருவரும் தனித்தனியாக விண்ணப்பிப்பீர்கள். கட்டணம் ஒருவருக்கு மூன்று வருடத்துக்கு ஏறக்குறைய 6,000 டாலர், ஐந்து வருடத்துக்கு 12,000. ஒவ்வொரு ஜூலையிலும் கொஞ்சம் ஏறும். ஐந்து வருடம் முடிந்தபின் குறைந்தது 90 நாள் ஆஸ்திரேலியாவுக்கு வெளியே இருந்துவிட்டு இன்னொரு தடவை வாங்கலாம். மொத்தம் பத்து வருடம் வரை. இடையில் ஊருக்கு வந்துபோவதற்குத் தடையில்லை. சம்பள வேலை பார்க்கக் கூடாது. 870இல் வந்துவிட்டு அங்கேயே 804க்கு மாறிக்கொள்ளவும் முடியாது.

ஒரு வீட்டில் கணவன் மனைவி இருவரும் சேர்ந்து ஒரே சமயத்தில் பெற்றோரில் இரண்டு பேருக்கு மேல் பொறுப்பேற்க முடியாது. மருமகளின் பெற்றோரும் வர நினைக்கிறார்களா என்று கடிதத்தில் இல்லை. இதை மகனும் மருமகளும் பேசி முடிவெடுத்த பிறகு பணம் கட்டுவது நல்லது. பிரசவ நேரத்தில் யார் அம்மா வருவது என்பதில் தொடங்கும் மனத்தாங்கல் எங்கெங்கோ போய் முடிவதை இந்தத் தொழிலில் நிறையப் பார்க்கிறேன்.

கணவரின் உடல்நிலை பற்றி: சர்க்கரை இருக்கிறது என்பதற்காக மட்டும் யாரையும் மறுப்பதில்லை. எதிர்பார்க்கப்படும் மருத்துவச் செலவு அரசு வைத்திருக்கும் வரம்பைத் தாண்டுமா என்றுதான் பார்ப்பார்கள். டயாலிசிஸ் போன்ற தொடர் சிகிச்சை என்றால் சிரமம். பைபாஸுக்குப் பின் இதயம் நன்றாக இயங்குகிறது என்று இதய மருத்துவரின் அண்மைக் கடிதமும் எக்கோ அறிக்கையும் கையில் இருந்தால் பரிசோதனை சுலபமாகும். என் கவலை பரிசோதனையைவிடக் காப்பீட்டில். 870க்குத் தனியார் மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு 12 மாதக் காத்திருப்பு வைப்பது அங்கே வழக்கம். அந்த முதல் வருடத்தில் நெஞ்சுவலி என்று மருத்துவமனைக்குப் போனால் பில் மகன் பெயரில்தான் வரும். அரசு மருத்துவமனைக் கடனுக்கும் பொறுப்பாளர்தான் பொறுப்பு. காப்பீட்டு நிறுவனங்களிடம் இதயநோயைக் குறிப்பிட்டு, எழுத்தில் பதில் வாங்கச் சொல்லுங்கள்.

இத்தனையும் உடனே செய்ய வேண்டுமா என்றால், எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீங்கள் இதுவரை போனது மூன்று மூன்று மாதம், அதுவும் விருந்தாளியாக. பிரசவத்துக்கு 600ஆம் பிரிவு சுற்றுலா விசாவில் போங்கள். குடிமக்களின் பெற்றோருக்கு மூன்று வருடம் செல்லுபடியாகும் விசாவை, ஒரு தடவைக்கு 12 மாதம் வரை தங்கும்படியாக அடிக்கடி தருகிறார்கள். பொதுவாக எந்த 18 மாதத்திலும் 12 மாதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று நிபந்தனை வரும். கட்டணம் இருநூறு டாலர் வாக்கில்தான். ஒரு மெல்பர்ன் குளிர்காலம் முழுவதையும் அந்த வீட்டில் இருந்து பாருங்கள். மகனும் மருமகளும் காலையில் போனால் சாயங்காலம்தான் வருவார்கள். கார் ஓட்டாதவர்களுக்குப் பகல் நீளமானது. அதன் பிறகும் இருக்கலாம் என்று இருவருக்கும் தோன்றினால் 870க்குப் போவது நியாயமான செலவு.

வீடும் ஓய்வூதியமும்

வீட்டை விற்க வேண்டாம். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. பத்து வருடம் முழுதாகத் தங்கினாலும் 870 ஒருநாள் முடியும். அப்போது கணவருக்கு 80 வயது, திரும்பி வந்து நிற்க வீடு வேண்டும். மகன் சொல்வதுபோல் பணத்தை அங்கே வீட்டில் போட்டால் அது யார் பெயரில் இருக்கும் என்றும் யோசியுங்கள். தற்காலிக விசாவில் இருப்பவர்கள் ஏற்கெனவே கட்டிக் குடியிருக்கும் வீட்டை வாங்க 2025 ஏப்ரல் 1 முதல் 2027 மார்ச் 31 வரை தடை இருக்கிறது. ஆக, பணம் உங்களுடையது, பத்திரம் அவர்களுடையது என்றுதான் ஆகும். மகன் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. மணமுறிவு, வேலையிழப்பு, கடன் எல்லாம் நல்லவர்கள் வீட்டிலும் வருகிறது. அப்போது உங்கள் பங்கு என்று சொல்ல ஒரு தாள்கூட இருக்காது. உதவ விரும்பினால் விசாக் கட்டணத்தையும் காப்பீட்டையும் நீங்களே கட்டுங்கள். கடை வாடகையிலிருந்தே அதில் பாதி வரக்கூடும்.

ஓய்வூதியம் நிற்காது. ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று மட்டும் தவறாமல் போக வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்தியத் தூதரக அலுவலகம் வழியாகத் தரலாம். கிளம்பும் முன் கருவூலத்தில் உங்கள் மாதத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏஜெண்டிடம் இந்த வாரமே பேசுங்கள்

ஆஸ்திரேலியாவுக்குள் குடிவரவு ஆலோசனை தருபவர் பதிவுபெற்ற முகவராகவோ வழக்கறிஞராகவோ இருக்க வேண்டும். முகவர் என்றால் பதிவு எண் இருக்கும், இணையத்தில் யாரும் சரிபார்க்கலாம். வெளிநாட்டில் இருந்துகொண்டு தொழில் செய்பவரை இந்த விதி கட்டுப்படுத்தாது. எனவே உங்கள் ஊர் ஏஜெண்ட் தவறு செய்தாலும் இங்கிருந்து யாரும் அவரைக் கேட்க முடியாது. முன்பணம் திரும்பக் கிடைப்பது இரண்டாம் பட்சம். நீங்கள் கையெழுத்திட்ட படிவங்கள் எவை, அவற்றில் ஏதாவது அனுப்பப்பட்டதா என்று எழுத்தில் கேளுங்கள். அனுப்பவில்லை என்றால் மூலப் படிவங்களைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். நிரப்பாத தாளில் கையெழுத்து இருந்தால் அதை முதலில். அனுப்பிவிட்டார், அதில் பிள்ளைகள் இரண்டு என்று இருக்கிறது என்றால், தவறான பதிலைத் திருத்த 1023 என்ற படிவம் இருக்கிறது. உள்துறை கேட்கும் முன் நீங்களாகவே அதைக் கொடுத்துவிட்டு விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவது, அவர்கள் கண்டுபிடித்த பிறகு விளக்கம் சொல்வதைவிட எவ்வளவோ மேல். மகனை அங்கே பதிவுபெற்ற ஒருவரிடம் அந்தத் திருத்தத்தைக் காட்டச் சொல்லுங்கள். போகும்போது அவருடைய பழைய 80ஆம் எண் படிவத்தின் நகல் இருந்தால் அதையும் எடுத்துப் போகட்டும்.